நெதர்லாந்துக்கு முதல் கன்டெய்னர் காயர் பித்: இசி 0.5, சிஐஎஃப், டிஏ 60 நாள். ஒத்துக்கொள்ளலாமா?

உடுமலை_மஞ்சி கேட்டது:

வணக்கம்ங்க. உடுமலை பக்கம் மஞ்சி (தென்னை நார்) மில். நார் போக மிஞ்சும் பித்தை (நார்த்தூளை) இதுவரை கழுவாமல், லூஸாக பிளாக் கம்பெனிகளுக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது பித்தை அழுத்திக் கட்டியாக்கும் 5 கிலோ பிளாக் பிரஸ் ஒன்று லீசுக்குக் கிடைக்கிறது. நெதர்லாந்து பார்ட்டி ஒருவர் நேரடியாகக் கேட்கிறார். அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

40 அடி ஹை க்யூப் கன்டெய்னர் 1. கழுவிய 5 கிலோ பிளாக். இசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல் எண்) 0.5-க்குக் கீழ். ஈரம் 15 சதவீதம். விரிந்தால் பிளாக்குக்கு 65 லிட்டருக்குக் குறையக் கூடாது. விலை சிஐஎஃப் ராட்டர்டாம் (கப்பல் வாடகையும் காப்பீடும் நம் பொறுப்பில்). பணம் டிஏ 60 நாள், அதாவது கடன்.

எங்களிடம் இருப்பது: கழுவாத பித், இசி 1.8 முதல் 2.4 வரை லோடுக்கு லோடு மாறுகிறது. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பு) 1100. அரை ஏக்கர் களம், பாதிக்கு சிமெண்ட் தளம், மீதி மண் தரை. ஜிஎஸ்டி உண்டு, ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்) எடுத்தாயிற்று, வேறு எதுவும் எடுக்கவில்லை.

இந்தத் தண்ணீரில் 0.5 வருமா? ஐஇசிக்கு மேல் என்னென்ன பேப்பர் வேண்டும்? டிஏ 60 நாளுக்குச் சரி என்று சொல்லலாமா? இன்னொன்று: வளரும் நாட்டுச் சரக்குக்கு ஐரோப்பாவில் வரிச்சலுகை உண்டு, அதைக் காட்டி விலையை ஏற்றிக் கேளுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

---

களத்துமேடு பதில்:

சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேப்பரும் பணமும் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

முதலில் பார்ட்டியிடம் கேளுங்கள், 0.5 என்பது எந்த முறையில் அளந்த 0.5? நெதர்லாந்தில் 1:1.5 முறை பரவலாக உண்டு. ஈரப்படுத்திய பித் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்றரைப் பங்கு, இரண்டும் கன அளவில். ஐரோப்பியத் தர முறையான இஎன் 13038-ல் பித் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு. நம் களங்களில் ஒரு டம்ளர் பித்துக்கு நாலைந்து டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மீட்டரை விடுவதுதான் வழக்கம், அது கிட்டத்தட்ட 1:5. அதே பித்தை 1:1.5-ல் அளந்தால் இரண்டு, இரண்டரை மடங்கு காட்டும். நீங்கள் 0.4 என்று அனுப்பியது அங்கே 0.9 ஆகிவிடும். இருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பணத்தைப் பிடித்து வைப்பார்கள். ஆகவே முறை, வெப்பநிலை 25 டிகிரி, கலக்கப் பயன்படும் தண்ணீர் காய்ச்சி வடித்தது என்ற மூன்றும் ஆர்டர் பேப்பரிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் 1.8, 2.4 எந்த முறையில் வந்தது என்பதையும் பாருங்கள். 1:5-ல் வந்ததென்றால் உண்மை நிலை நீங்கள் நினைப்பதைவிட மோசம்.

அடுத்து தண்ணீர். டிடிஎஸ் 1100 என்றால் இசி சுமார் 1.7 (டிடிஎஸ்ஸை 640-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மில்லிசீமென்ஸ் வந்துவிடும்). ஒரு லிட்டர் பித் நன்றாக நனைந்து வடிந்த பிறகும் சுமார் 700 மில்லி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த 700 மில்லி உங்கள் போர் தண்ணீர்தான். வெயிலில் காய்ந்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. பித்தின் சொந்த உப்பு முழுதும் வெளியேறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1:1.5-ல் அளக்கும்போது அந்த 700 மில்லியோடு இன்னொரு 1500 மில்லி சேருகிறது. 1.7 × 700 ÷ 2200 = 0.54. எத்தனை முறை கழுவினாலும் அதற்குக் கீழே இறங்காது, ஏனென்றால் கடைசியாகத் தங்குவது அந்தத் தண்ணீரின் உப்பு. 1:5 என்றால் இதே கணக்கு 0.2-க்குப் பக்கத்தில் நிற்கும், அப்போது இந்தத் தண்ணீரே போதும். முறையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

1:1.5 என்று சொன்னால் வழி இருக்கிறது. முதல் இரண்டு அலசலுக்குப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர்க் குட்டைத் தண்ணீரோ, ஆர்ஓ கலந்து இசி 0.4-க்குக் கொண்டுவந்த தண்ணீரோ விடுங்கள். அலசிய தண்ணீர் முழுதும் வடிந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். தொட்டியில் மிதக்க விட்டு மேலே அள்ளுவதில் கீழே நின்ற உப்புத் தண்ணீரும் கூடவே வந்துவிடும். சரிவான சிமெண்ட் தளத்தில் ஓரடிக்கு மேல் போகாமல் பரப்பி, மேலிருந்து ஸ்பிரிங்க்ளரில் விட்டு, கீழே வடியும் தண்ணீரின் இசியைப் பாருங்கள். விட்ட தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தலாம். அதற்கு மேல் விடுவது வீண்.

லோடுக்கு லோடு மாறுவது பெரும்பாலும் மட்டையால். கடலோர மட்டையில் சோடியம் கூடுதல். பச்சை மட்டைப் பித்தும் காய்ந்த மட்டைப் பித்தும் கலந்தால் ஒரே பிளாக்கில் இரண்டு நிறம், இரண்டு இசி. மட்டை வாங்கிய ஊர்வாரியாகக் குவியலைத் தனித்தனியாகப் போட்டு, தனித்தனியாக அலசி, ஒவ்வொன்றும் அளவுக்குள் வந்த பிறகு கலக்குங்கள். நல்லதையும் கெட்டதையும் கலந்து சராசரி காட்டினால், அங்கே அவர் எடுக்கும் ஒரு பிளாக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஈரம். 15 சதவீதத்தில் 5 கிலோ பிளாக்கில் உலர்ந்த பித் 4.25 கிலோ. 22 சதவீதமானால் 3.9 கிலோதான். எடை மெஷினில் 5 கிலோ சரியாக இருக்கும், வாங்குபவருக்கு 8 சதவீதம் லிட்டர் குறையும். அவர் வாங்குவது லிட்டரை. குத்திப் பார்க்கும் ஈரமானியை நம்ப வேண்டாம். 100 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை வைத்து எடுங்கள்.

ஈரம் கூடினால் இன்னொரு தொல்லை, பிளாக் பிரஸ்ஸிலிருந்து வந்த பிறகு வீங்கும். 11 செ.மீ. உயரத்தில் வந்தது மறுநாள் 13 ஆகும். 100 × 120 செ.மீ. பேலட்டில் ஒரு அடுக்குக்கு 12 பிளாக், 20 அடுக்கு, மொத்தம் 240 என்று வைத்துக்கொண்டால், 11 செ.மீ.யில் அடுக்கு மட்டும் 220, மரப்பேலட்டோடு 235 செ.மீ. ஹை க்யூப் கதவின் உயரம் சுமார் 258. நுழையும். 13 ஆனால் 275, கதவிலேயே இடிக்கும். லோடிங் நாளில் மேல் இரண்டு அடுக்கைக் கழற்றி இறக்கிக்கொண்டிருப்பது எல்லாம் இதனால் வருவதுதான். பிரஸ் ஆன பிளாக்கை ஒரு நாள் ஆறவிட்டு, உயரத்தை அளந்து, பிறகு பேலட் போடுங்கள். சூட்டோடு ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அதற்காக ஒரேயடியாகக் காய விடவும் கூடாது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளாக் ஓரம் உதிரும்.

மண் தரையில் உலர்த்துவதை இந்த ஆர்டருக்கு அடியோடு விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாவர நலச் சட்டத்தில் (2019/2072, ஆறாவது இணைப்பு) வெளிநாட்டு மண்ணுக்கும், கரிமப் பொருள் கலந்த வளர்ப்பு ஊடகத்துக்கும் தடை. முழுக்க முழுக்க பீட்டாகவோ தென்னை நாராகவோ இருந்து, முன்பு செடி வளர்க்கவோ விவசாயத்துக்கோ பயன்படாததாக இருந்தால்தான் விலக்கு. பித்தில் மண், எரு, வேப்பம் புண்ணாக்கு, மக்கிய உரம் எது கலந்தாலும் அந்த விலக்கு போய்விடும். களை விதையும் மண் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

---

தூத்துக்குடி_யார்டு பதில்:

பேப்பர் பக்கம். வரிசை முக்கியம், ஒன்று இல்லாமல் அடுத்தது நகராது.

ஐஇசி இருக்கிறது, நல்லது. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வணிக இயக்குநரகம்) தளத்தில் போய் விவரம் மாறவில்லை என்றாலும் அப்டேட் கொடுக்க வேண்டும். விட்டால் ஐஇசி செயலிழக்கும், அது தெரியவருவது ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) போடும் அன்றைக்கு.

அடுத்து வங்கி. ஏற்றுமதிப் பணம் வரப்போகும் கிளையிடம் ஏடி கோடு (அந்நியச் செலாவணி வாங்கும் வங்கியின் எண்) கடிதம் வாங்கி, கஸ்டம்ஸ் தளமான ஐஸ்கேட்டில் நீங்கள் அனுப்பப் போகும் துறைமுகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். தூத்துக்குடிக்குப் பதிந்துவிட்டு கடைசி நேரத்தில் கொச்சி வழியாக அனுப்புகிறோம் என்றால் மறுபடி பதிய வேண்டியிருக்கும். பொள்ளாச்சி, உடுமலைக்கு கொச்சி பக்கம், ஆனால் கப்பல் வாடகையும் கன்டெய்னர் கிடைப்பதும் வாராவாரம் மாறுவதால் இரண்டுக்கும் இப்போதே பதிந்து வைத்துவிடுங்கள். ஊக்கத்தொகை வந்து விழும் கணக்கு எண்ணையும் அதே தளத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

ஜிஎஸ்டி தளத்தில், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழியான எல்யூடி (ஆர்எஃப்டி 11). இது நிதியாண்டுக்கு நிதியாண்டு புதிதாக. மார்ச் கடைசியில் பில் போட்டு ஏப்ரலில் சரக்கு நகர்ந்தால் புது எல்யூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயர் வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவும் ஆர்சிஎம்சியும் (பதிவு, உறுப்பினர் சான்றிதழ்) எடுங்கள். வாரியத்தின் தலைமை அலுவலகம் கொச்சியில், விண்ணப்பம் ஆன்லைனில்.

தாவர நலச் சான்றிதழ் பார்ட்டிக்கு வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வேண்டும் என்றால் கன்டெய்னர் சீல் வைப்பதற்கு முன் பரிசோதனைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். மரப்பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பேக்கிங்கில் பூச்சி வராமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை, வெப்பச் சிகிச்சை செய்ததற்கான எச்டி எழுத்துடன், கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பலகை உடைந்து சாதாரணப் பலகையை அடித்துச் சேர்த்தால் அந்தப் பேலட் செல்லாது. சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேலட்டுக்காக ராட்டர்டாமில் நிறுத்துவார்கள்.

புக்கிங் போடும்போதே எம்எஸ்டிஎஸ்ஸும் (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்), அபாயமற்ற சரக்கு என்ற கடிதமும் தயாராக வையுங்கள். உலர்ந்த தாவர நார் என்றால் தீப்பிடிக்கும் சரக்கோ என்று சில கப்பல் லைன்கள் கேட்கும். கேட்ட பிறகு தயாரித்தால் கட்-ஆஃப் (சரக்கு ஒப்படைக்கும் கெடு) போய்விடும்.

காலி கன்டெய்னர் வந்ததும் கதவைச் சாத்தி உள்ளே நின்று பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். தரையில் பழைய சரக்கின் எண்ணெய், வாடை, மண் இருந்தாலும் வேண்டாம். பித் வாடையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

20 பேலட் × 240 = 4800 பிளாக், 24 டன். பேலட் எடையும் காலி கன்டெய்னர் எடையும் சேர்த்து விஜிஎம் (சரிபார்த்த மொத்த எடை) கொடுக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல் விஜிஎம் இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் ஒரு எடை, விஜிஎம்மில் ஒரு எடை என்று மூன்று கணக்கு வந்தால் கஸ்டம்ஸில் ஒரு நாள், லைனில் ஒரு நாள் போகும். (இதே சரக்கு அமெரிக்காவுக்கு என்றால் 24 டன் ஏற்றாதீர்கள். அங்கே சாலை எடை வரம்பு காரணமாக 20 டன்னுக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் வழக்கம்.)

ஷிப்பிங் பில்லில் ரோடெப் (ஏற்றுமதிக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டம்) கோருகிறோம் என்ற அறிவிப்பு அந்தச் சரக்குக்கான வரிசையிலேயே இருக்கிறதா என்று செக்லிஸ்ட் வரும்போது நீங்களே பாருங்கள். சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) மறந்தால் நஷ்டம் உங்களுக்கு. பிஎல் (கப்பல் லைன் தரும் சரக்கு ரசீது) டிராஃப்டில் பார்ட்டி பெயர், முகவரி, எச்எஸ் எண் (கஸ்டம்ஸ் சரக்கு வகை எண்), பேலட் எண்ணிக்கை நான்கையும் இன்வாய்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்த லைன் காசு வாங்கும்.

---

மாட்டுத்தாவணி_கணக்கர் பதில்:

பணத்துக்கு வருவோம். டிஏ 60 நாள், முதல் பார்ட்டிக்கு, முதல் கன்டெய்னருக்கு: வேண்டாம்.

டிஏ என்றால் பார்ட்டி பில்லில் கையெழுத்துப் போட்ட உடனே அவருடைய வங்கி ஒரிஜினல் பிஎல்லைக் கையில் கொடுத்துவிடும். சரக்கு அவருடையது, உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டும். அந்த 60 நாளும் பிஎல் தேதியிலிருந்தா, அவர் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்தா என்று எழுதவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் நழுவும். டிபி கொஞ்சம் பரவாயில்லை, பணம் கட்டினால்தான் பேப்பர். ஆனால் அதிலும் அவர் பேப்பரை எடுக்காமலே விட்டுவிடலாம். அப்போது கன்டெய்னர் ராட்டர்டாமில் நிற்கும், டிமரேஜும் டிடென்ஷனும் (தாமதக் கட்டணங்கள்) நாள் கணக்கில் ஏறும். பித் விலை குறைந்த சரக்கு. திருப்பிக் கொண்டுவரும் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும் என்பது அவருக்கும் தெரியும். அதை வைத்தே விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு.

இந்த வியாபாரத்தில் ஓடுகிற முறை: 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி பிஎல் நகல் மெயிலில் போனதும். பணம் கணக்கில் ஏறிய பிறகு ஒரிஜினல் கூரியர் அல்லது டெலக்ஸ் ரிலீஸ் (ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடச் சொல்வது). அட்வான்ஸ் வந்த பிறகுதான் பித் கழுவ ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அவர் கேட்ட அளவில் கழுவிய சரக்கை உள்ளூரில் அதே விலைக்குத் தள்ள முடியாது. எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) கேட்கலாம், ஆனால் ஒற்றைக் கன்டெய்னர் பித்துக்கு இரு பக்க வங்கிச் செலவும் லாபத்தை அரித்துவிடும். எடுத்தால், எல்சிக்கான சர்வதேச விதியான யூசிபி 600 படி ஷிப்மெண்ட் ஆன 21 நாளுக்குள் பேப்பர் வங்கிக்குப் போக வேண்டும். எல்சியிலேயே அதைவிடக் குறைந்த கெடு இருந்தால் அதுதான் கெடு.

கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஈசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு). சரக்கு ஏற்றுவதற்கு முன் அந்தப் பார்ட்டியின் பெயரில் கடன் வரம்பு வாங்கிவிட வேண்டும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: சரக்கு தரமில்லை என்று பார்ட்டி தகராறு எழுப்பினால், அவர் நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் ஜெயிக்காதவரை ஈசிஜிசி பணம் தராது. பார்ட்டி திவாலானால் மட்டுமே உதவும் என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே பணம் கட்டாமல் இருந்தாலும் உதவும். தரத் தகராறுக்கு மட்டும்தான் உதவாது. களத்துமேடு சொன்ன 1:1.5, 1:5 விவகாரம் இங்கேதான் காசாக மாறுகிறது. ஆகவே பேலட்டுக்கு ஒரு பிளாக் வீதம் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதித்து, லோடிங்கின்போது எடுத்த அந்த ரிப்போர்ட்தான் இறுதி என்று ஆர்டரில் எழுதுங்கள். அதே லாட்டிலிருந்து சில பிளாக்குகளைச் சீல் வைத்து உங்களிடமும் வைத்திருங்கள்.

சிஐஎஃப். 24 டன்னுக்கு 1000 டாலர் வாடகை ஏறினால் டன்னுக்கு 42 டாலர், பிளாக்குக்கு 21 சென்ட். பித்தில் அவ்வளவு லாபமே நிற்காது. 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினையில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது, சிஐஎஃப் விலையை மூன்று மாதத்துக்குக் கட்டிப்போட்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். எஃப்ஓபி தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும்வரை மட்டும் உங்கள் செலவு) என்று விலை சொல்லுங்கள். (கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ இன்னும் சரி, யார்டில் ஒப்படைத்ததோடு உங்கள் பொறுப்பு முடியும். ஆனால் நம் வட்டாரத்தில் எஃப்ஓபி என்றே பேசுகிறார்கள்.) சிஐஎஃப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எஃப்ஓபி விலை இவ்வளவு, வாடகை லைன் கொட்டேஷன் தேதிப்படி, அந்தக் கொட்டேஷன் காலாவதியானால் வாடகை மட்டும் மாறும் என்று பிரித்து எழுதுங்கள். சிஐஎஃப் காப்பீடும் குறைந்தபட்சம் சி பிரிவுதான். பூசணம் பிடித்ததற்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கடைசியாக வரிச்சலுகைக் கதை. உங்களிடம் ஒருவர் சொன்னது வரி உள்ள சரக்குக்குப் பேசும் பேச்சு. பித் 5305 தலைப்பில் போகிறது, அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லா நாட்டுக்குமே சாதாரண வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து சலுகை கொடுக்க இடமில்லை. அதைக் காட்டி விலை கேட்டால் பார்ட்டி உங்களைப் புதியவர் என்று கணக்குப் போட்டுவிடுவார். இலங்கைக்கு 2017-ல் ஐரோப்பிய வரிச்சலுகையான ஜிஎஸ்பி பிளஸ் திரும்பக் கிடைத்ததும் இந்தச் சரக்கில் அவர்களுக்கு மேலதிகச் சாதகம் எதையும் தரவில்லை. பித்தில் விலையைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம், லிட்டருக்கு எவ்வளவு கப்பல் வாடகை விழுகிறது, அடுத்த கன்டெய்னரும் இதே இசியில் வருமா. எச்எஸ் எண்ணை மட்டும் பார்ட்டியின் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டிடிபி (இறக்குமதி வரியையும் விற்பவரே கட்டுவது) என்று கேட்டால் எந்த நாட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது, டிடிபியில் ஒத்துக்கொண்டவர்கள் அந்த வரியையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

---

உடுமலை_மஞ்சி:

ரொம்ப நன்றிங்க. பார்ட்டியிடம் கேட்டேன், 1:1.5 முறைதான் என்கிறார். 30 சதவீத அட்வான்ஸுக்கு யோசிக்கிறேன் என்றிருக்கிறார். கால்சியம் நைட்ரேட் போட்ட 'பஃபர்' சரக்கு இருந்தால் விலை கூடக் கொடுப்பேன் என்கிறார். அதை இப்போதே எடுக்கலாமா? நேரடியாக வேண்டாம், மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் (நம்மிடம் வாங்கித் தன் பெயரில் ஏற்றுமதி செய்பவர்) மூலம் போ என்றும் வீட்டில் சொல்கிறார்கள்.

---

குருநாகல்_தும்பு பதில்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தும்புச்சோறு என்போம், சரக்கு ஒன்றுதான்.

பஃபர் என்பது கழுவுவதற்கு அடுத்த படி, கழுவுவதற்குப் பதில் இல்லை. சோற்றின் துகள்களில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் துகளுக்கு வெளியே கரைந்து நிற்பது போகும், ஒட்டியிருப்பது போகாது. இசி மீட்டர் அதைக் காட்டவும் மாட்டாது. தக்காளி, ஸ்ட்ராபெரி வளர்ப்பவர் பிறகு கால்சியம் உரம் கொடுக்கும்போது, துகள் அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். செடிக்கு முதல் வாரங்களில் கால்சியம் பற்றாக்குறை வரும், பழத்தின் அடி கறுக்கும். அதைத் தவிர்க்கத்தான் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் திரும்பவும் அலசுவது. கடைசி அலசல் குறைந்தால் நைட்ரேட்டே இசியைத் தூக்கிவிடும்.

ஆகவே பஃபருக்கு நல்ல தண்ணீர் இன்னும் அதிகம் வேண்டும். கரைசலின் அளவைக் கண்மதிப்பில் போடேலாது. உங்கள் சோற்றின் சோடியம், பொட்டாசியம் அளவை ஆய்வகத்தில் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். கழுவிய சரக்கையே பஃபர் என்று பெயர் மாற்றி அனுப்பிவிடாதேங்கோ. அவர்கள் ஆய்வகத்தில் கரைசல் முறையில் சோடியம், பொட்டாசியம் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும், பிறகு அந்த வட்டாரத்தில் ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

அடுத்த கட்டமாக வளர்ப்புப் பை (சோறு நிரப்பிச் செடி வளர்க்கும் பை) போடுவதுதான் நல்ல வழி. ஒரு மீட்டர் பையில் கரடும் நைசும் எந்த விகிதம் என்று பயிருக்குப் பயிர் மாறும், விலையும் அங்கேதான். ஆனால் அதற்குச் சல்லடை பிரிப்பு சரியாக வேண்டும். இப்போதைக்குக் கழுவிய பிளாக்கையே மூன்று நான்கு கொள்கலன் ஒரே தரத்தில் கொடுங்கோ.

---

களத்துமேடு:

குருநாகல்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கூடவே, கழுவ ஆரம்பிக்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தமிழ்நாட்டில் காயர் ஆலைகளை 2021-ல் மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சுக்கு மாற்றினார்கள், காரணமே இந்தக் கழுவும் தண்ணீர்தான். காவி நிறத்தில் டானினும் உப்புமாக வடியும் தண்ணீரை அப்படியே தோட்டத்தில் விட்டால் பக்கத்துக் கிணறு கெடும். உங்கள் போரும் கெடும், அப்போது டிடிஎஸ் 1100-ஐயும் தாண்டிவிடும். தளத்துக்கு வடிகால், கசியாத தொட்டி, முதல் அலசலுக்கு அதே தண்ணீரைத் திரும்பச் சுற்றுவது என்று திட்டம் வரைந்து கொண்டுபோய் ஒப்புதல் கேளுங்கள். லீஸ் பத்திரம் போடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

---

மாட்டுத்தாவணி_கணக்கர்:

மெர்ச்சன்ட் வழி கெட்ட யோசனை அல்ல, உங்கள் இசி இன்னும் ஒரு நிலைக்கு வராததால் முதல் ஆறு மாதத்துக்கு அதுவே நல்லது என்பேன். ஆனால் இந்த நெதர்லாந்துப் பார்ட்டியை அவரிடம் கொடுத்துவிட வேண்டாம். அவருடைய வேறு பார்ட்டிக்கு உங்கள் பிளாக் போகட்டும்.

மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டருக்கு 0.1 சதவீத ஜிஎஸ்டியில் பில் போடலாம். நிபந்தனை, உங்கள் பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும், ஷிப்பிங் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இருக்க வேண்டும். அவர் காலம் கடத்தினால் மீதி வரி உங்கள் தலையில் விழும். ஆகவே ஷிப்பிங் பில் நகலும் ஈஜிஎம் (சரக்கு கப்பலில் போனதற்கான கஸ்டம்ஸ் பதிவு) விவரமும் கைக்கு வரும்வரை பில் தொகையில் ஒரு பகுதியைப் பாதுகாப்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்துக்கு இப்போது அனுப்ப வேண்டியது மூன்று லாட்டிலிருந்து தலா இரண்டு பிளாக் சாம்பிள், கூரியரில். பொறுக்கி எடுத்ததாக இல்லாமல் பிரஸ்ஸில் வந்த வரிசையில் எடுங்கள். கூடவே இப்படி ஒரு பதில்: கழுவிய பிளாக், 5 கிலோ, கூடக்குறைய 2 சதவீதம், இசி 0.6-க்குக் கீழ், 1:1.5 முறை, 25 டிகிரி. ஈரம் 15 முதல் 18, ஓவன் முறை. விரிவு 65 லிட்டர், எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரம் விட்டு அளப்பது என்ற விவரத்துடன். 4800 பிளாக், 20 பேலட். எஃப்ஓபி தூத்துக்குடி அல்லது கொச்சி. 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி பிஎல் நகலுக்கு. லோடிங் ரிப்போர்ட் இறுதி. அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து 45 நாளில் ஷிப்மெண்ட், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 60 நாள். மழையில் களம் காயாது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

0.6 என்று போட்டது உங்கள் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துத்தான். ஆர்ஓ போட்டு ஐந்து லாட் தொடர்ந்து 0.5-க்குக் கீழ் வந்த பிறகு அந்த எண்ணை மாற்றுங்கள்.